மாவுச்சத்தைக் குறைத்தும் எடை அசையவில்லை, எங்கே இடிக்கிறது?

பாதிக்கிணறு:
வணக்கம் நண்பர்களே. எடை குறைக்க மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிட்டு வருகிறேன். ஆரம்பத்தில் எடை மளமளவென்று இறங்கியது. பார்க்கிறவர்கள் எல்லாம் இளைத்துவிட்டாயே என்றார்கள். அப்புறம் என்ன ஆனதோ, சில வாரங்களாக எடை நின்ற இடத்திலேயே நிற்கிறது.

சோறு, ரொட்டி, கிழங்கு, சர்க்கரை எதையும் தொடுவதில்லை. காலையில் முட்டை. மதியம் கோழி அல்லது மீன், கூடவே கொஞ்சம் காய். இரவு சீஸ் போட்ட ஆம்லெட். நடுவில் பசித்தால் பாதாம், முந்திரி. டீயை மட்டும் விட முடியவில்லை, ஆனால் சர்க்கரை போடுவதில்லை.

மாலையானால் தலை வலிக்கிறது. இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. மலச்சிக்கல் வேறு. இரவுச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரத்தில் வாய் மறுபடி எதையாவது கேட்கிறது. மாவுச்சத்தை இன்னும் குறைக்க வேண்டுமா? கொழுப்பைக் கூட்டினால் எடை இறங்கும் என்கிறார்களே, உண்மையா?

நெய்க்குடம்:
உண்மைதான் சகோ. கொழுப்பு போதவில்லை, அதனால்தான் இரவில் பசிக்கிறது. காலைக் காபியில் வெண்ணெய் போட்டுக் குடித்துப் பாருங்கள். கொழுப்புக்குக் கணக்கே கிடையாது, வயிறு நிறையச் சாப்பிடலாம்.

அளவுகோல்:
நெய்க்குடம் கோபித்துக்கொள்ளக் கூடாது, இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 கலோரிதான். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் என்றாலே 100 கலோரி ஆகிவிடும். உடம்பில் இருக்கிற கொழுப்பு கரைய வேண்டுமென்றால், வெளியிலிருந்து போகிற கொழுப்பு அதற்கு வழிவிட வேண்டாமா?

முதலில் மளமளவென்று இறங்கியதில் பெரும்பகுதி தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் 400, 500 கிராம் மாவுச்சத்து சேமிப்பில் இருக்கும். ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து கரைந்து, ஒன்றரை இரண்டு கிலோ சட்டென்று போய்விடும். அந்த வேகம் தொடரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இப்போதைக்கு எடையோடு இடுப்புச் சுற்றளவையும் வாரம் ஒருமுறை அளந்து எழுதுங்கள்.

2018இல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை வைத்து ஓராண்டு ஆய்வு நடத்தினார்கள். பாதிப் பேருக்குக் கொழுப்பு குறைந்த உணவு, பாதிப் பேருக்கு மாவுச்சத்து குறைந்த உணவு. சராசரியாக ஒரு குழு 5.3 கிலோ இளைத்தது, மற்றது 6 கிலோ. பொருட்படுத்தும்படி வித்தியாசம் இல்லை. ஆக, மாவுச்சத்தைக் குறைப்பது நல்ல வழிதான், ஆனால் அதில் மந்திரம் எதுவும் இல்லை.

உங்களிடம் ஒரே கேள்வி: பாதாம், முந்திரியை எடைபோட்டுச் சாப்பிடுகிறீர்களா, டப்பாவிலிருந்து அள்ளியா? டீ எத்தனை கோப்பை?

பாதிக்கிணறு:
டப்பாவிலிருந்துதான். நீங்கள் கேட்டதும், வழக்கமாக அள்ளுகிற ஒரு கை முந்திரியைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 50 கிராமுக்கு மேல் காட்டுகிறது. இரவு டிவி பார்க்கும்போது அதுபோல இரண்டு கை போகும். டீ நாலைந்து கோப்பை, பால் தாராளமாக விட்டுத்தான்.

அளவுகோல்:
சரி, இடிக்கிற இடம் தெரிந்துவிட்டது. 100 கிராம் முந்திரியில் 550 கலோரிக்கு மேல் இருக்கிறது, மாவுச்சத்தும் 30 கிராம். பாதாமில் கலோரி அதே அளவுதான்; மாவுச்சத்து 22 கிராம் என்றாலும் அதில் பாதிக்கு மேல் நார். எனவே முந்திரியை நிறுத்திவிட்டு, பாதாமை 30 கிராம் எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக்கொள்ளுங்கள். டப்பா சமையலறையிலேயே இருக்கட்டும்.

பாலிலும் மாவுச்சத்து உண்டு, 100 மில்லிக்கு 5 கிராம். நாலைந்து கோப்பைக்குக் கூட்டிப் பாருங்கள். டீயை விட வேண்டாம், பாலைக் குறைத்தால் போதும்.

இரவுப்பறவை:
இரவுத் தீனி பற்றி ஒரு வார்த்தை. உங்கள் ஆம்லெட் எத்தனை முட்டை? ஒரு முட்டையில் 6 கிராம் புரதம்தான். இரண்டு முட்டையோடு முடித்துக்கொண்டால் எனக்கும்தான் பசிக்கும். மதியம் சாப்பிடுகிற மீனையோ கோழியையோ இரவுக்கும் வையுங்கள், தட்டில் பாதிக்குக் கீரை, முட்டைக்கோஸ், பீன்ஸ் என்று காய் இருக்கட்டும். காலை, மதியம், இரவு மூன்றிலும் காய் இருந்தால் மலச்சிக்கலும் வழிக்கு வரும். தண்ணீர் மட்டும் குறையக் கூடாது. அப்படியும் சரியாகவில்லை என்றால் தண்ணீரில் கலந்து குடிக்கிற இசப்கோல் என்ற நார்த்தூள் இருக்கிறது.

அதன்பிறகும் வாய் கேட்டால் அது பசி இல்லை, டிவி.

உப்புக்கல்:
தலைவலிக்கும் கால் பிடிப்புக்கும் உப்புக் குறைவு காரணமாக இருக்கலாம். மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் குறையும். இன்சுலின் குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தைக் கூடுதலாக வெளியேற்றும், தண்ணீரும் சேர்ந்து போகும். அத்தோடு பாக்கெட் தீனியை நிறுத்தியதால் அதிலிருந்து வந்த உப்பும் நின்றிருக்கும். உப்புப் போட்ட சூப் ஒரு கிண்ணம் குடித்தால் பலருக்குத் தலைவலி தணியும்.

ஆனால் குடிக்கும் முன் சொல்லுங்கள்: ரத்தக்கொதிப்புக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்களா?

பாதிக்கிணறு:
சர்க்கரை இல்லை. ரத்தக்கொதிப்புக்குத் தினம் ஒரு மாத்திரை உண்டு. இந்த உணவுமுறைக்கு மாறியதை டாக்டரிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

உப்புக்கல்:
அப்படியானால் சூப் இப்போதைக்கு வேண்டாம். எடையும் தண்ணீரும் இறங்கும்போது ரத்த அழுத்தமும் இறங்கும். மாத்திரை பழைய அளவிலேயே இருந்தால் அழுத்தம் தேவைக்குக் கீழே போய்விடும். எழுந்து நிற்கும்போது கண் இருட்டுகிறதா? அப்படியிருந்தால் தாமதிக்காதீர்கள். சில நாள் காலையும் மாலையும் வீட்டிலேயே அழுத்தம் பார்த்து எழுதி, அந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள். மாத்திரையைக் குறைப்பதா, உப்பைக் கூட்டுவதா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பொட்டாசியம் கலந்த ‘குறைந்த சோடியம்’ உப்பையும் அவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். ரத்தக்கொதிப்பு மாத்திரைகளில் சில, ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்கெனவே கூட்டக்கூடியவை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும்: இன்சுலின் ஊசியோ, சர்க்கரையைத் தாழ்நிலைக்குக் கொண்டுபோகக்கூடிய மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் பேசாமல் மாவுச்சத்தில் கை வைக்க வேண்டாம்.

பாதிக்கிணறு:
எழும்போது லேசாகத் தலை சுற்றுகிறது, வெயிலால் என்று நினைத்திருந்தேன். இந்த வாரமே டாக்டரைப் பார்க்கிறேன். எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒரு சந்தேகம்: ‘சர்க்கரை இல்லாத’ சாக்லேட் சாப்பிடலாமா?

இரவுப்பறவை:
உறையைத் திருப்பிப் பாருங்கள். சர்க்கரைக்குப் பதிலாக என்ன இனிப்பூட்டி சேர்த்திருக்கிறார்கள் என்று அதில் இருக்கும். மால்டிட்டால் என்று போட்டிருந்தால் ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றும், கலோரியும் உண்டு, அதிகம் தின்றால் வயிறு கலக்கும். எரித்ரிட்டால் என்றால் சர்க்கரை ஏறாது, ஆனால் சாக்லேட்டில் இருக்கிற கொழுப்பு அப்படியேதான் இருக்கும். ஒரு துண்டு உடைத்துக்கொண்டு மீதியை முந்திரி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.