நீதிமொழிகள் 16:18: வேதபாடத்துக்கு யாரை எடுப்பது?

அத்திமரம்:
ஸ்தோத்திரம். வாலிபர் கூடுகைக்கு 40 நிமிட வேதபாடம். வசனம், "அழிவுக்கு முன்னானது அகந்தை, விழுதலுக்கு முன்னானது மனமேட்டிமை." அகந்தையால் விழுந்த ராஜாக்கள், அதிகாரிகள் என்று நேபுகாத்நேச்சார், ஆமான், ஏரோதுவை அடுக்கினால் வெறும் பெயர்ப் பட்டியலாகிவிடுகிறது. ஒருவரை மட்டும் எடுப்பதென்றால் யார்? ஏசாயா 14-ஐச் சேர்க்கலாமா? "பெருமைக்காரங்க நல்லாத்தானே இருக்காங்க" என்று யாராவது கேட்பார்கள். அதற்கு என்ன சொல்வது?

எபிரோன்:
யூதாவின் ராஜா உசியாவை எடுங்கள், 2 நாளாகமம் 26. நீங்கள் சொன்ன மூவரையும் "கெட்டவர்கள்" என்று கேட்கிறவர்கள் சுலபமாகத் தள்ளிவிடுவார்கள். உசியாவோ தேவனைத் தேடினவன் (வ. 5). 16 வயதில் ராஜா, 52 வருஷம் ஆட்சி. பெலிஸ்தரை ஜெயித்தான், வனாந்தரத்தில் கோபுரம் கட்டித் துரவு வெட்டினான், 3,07,500 பேர் சேனை, எருசலேம் மதிலின்மேல் அம்பும் கல்லும் எறியும் யந்திரங்கள். 15-ஆம் வசனத்தின் முடிவில் கொஞ்சம் நில்லுங்கள். இத்தனையும் அவனுக்கு உதவியாகக் கிடைத்தவை என்று அங்கே இருக்கிறது. அடுத்த வசனத்திலேயே மனம் மேட்டிமையாகிறது.

அவன் போனது விக்கிரகத்துக்கு அல்ல, ஆலயத்தில் தூபங்காட்ட. ஆனால் அது ஆரோனின் சந்ததிக்கு மட்டும் உரிய வேலை. யாத்திராகமம் 30:7-8, எண்ணாகமம் 16:40 இரண்டையும் முன்பே வாசிக்க வையுங்கள். இல்லாவிட்டால் "தூபம் காட்டினதுக்கா குஷ்டம்?" என்ற கேள்வியிலேயே பாடம் மாட்டிக்கொள்ளும். ஆசாரியன் அசரியாவும் அவனோடு 80 ஆசாரியரும் வந்து தடுக்கிறார்கள். குஷ்டம் நெற்றியில் தோன்றுவது அவன் உள்ளே நுழைந்தபோது அல்ல, தூபகலசத்தைக் கையில் பிடித்தபடி அவர்கள்மேல் கோபப்பட்டபோது (வ. 19). அதுவரை திரும்பி வர வழி இருந்தது. பாதி நேரத்தை இந்த இடத்துக்கே கொடுக்கலாம்.

தேபோரா:
ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: 2 இராஜாக்கள் 15-இல் இந்த ராஜாவின் பெயரே அசரியா. தடுத்த ஆசாரியனும் அசரியா! நிச்சயம் குழம்புவார்கள். அங்கே குஷ்டம் வந்தது மட்டும்தான் இருக்கிறது, காரணம் இல்லை.

ஏசாயா 14 வேண்டாம். 4-ஆம் வசனமே அது பாபிலோன் ராஜாவைப் பற்றியது என்கிறது. சாத்தானின் வீழ்ச்சியா என்ற விவாதம் ஆரம்பித்தால் 40 நிமிடமும் போய்விடும். அந்த நேரத்தில் யூதாவின் இன்னொரு ராஜாவான எசேக்கியாவைக் காட்டுங்கள். அவனுக்கும் மனமேட்டிமை வந்தது, ஆனால் தன்னைத் தாழ்த்தினான் (2 நாளாகமம் 32:25-26).

கிலேயாத்:
செழிப்புக் கேள்விக்கு அடுத்த வசனத்தையே வாசியுங்கள். அகங்காரிகள் கொள்ளைப்பொருளைப் பங்கிடுகிறார்கள் என்று 16:19 ஒத்துக்கொள்கிறது. சங்கீதம் 73-இல் ஆசாப்பின் புலம்பலும் இதேதான். வசனம் காலக்கெடு எதுவும் சொல்லவில்லை. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாருக்கு, எச்சரித்த சொப்பனத்துக்குப் பிறகு 12 மாதம் கிடைத்தது (தானியேல் 4:29). உசியாவும் அன்றே சாகவில்லை. சாகும்வரை தனி வீட்டில் இருந்தான், அரமனையை மகன் யோதாம் பார்த்துக்கொண்டான்.

வசனத்தைத் தலைகீழாக்கி, விழுந்தவனெல்லாம் அகந்தைக்காரன் என்று யாராவது பேசினால் அங்கேயே நிறுத்துங்கள். யோபுவின் சிநேகிதர் அவன் பாடுகளைப் பார்த்துப் பாவத்தைக் கணக்குப்போட்டார்கள். கர்த்தருடைய கோபம் அவர்கள்மேல்தான் மூண்டது (யோபு 42:7).