மேசனோட வந்த பெடியன் விழுந்திட்டான், நானா காசு கட்டணும்?

உப்புவெளிக்காரன்:
அவசரமா ஒரு விசயம் கேக்கணும். வீட்டுக்கு மேல ரெண்டு அறை கட்டுறன், வேலை முழுக்க ஒரு கொந்தராத்துக்காரரிட்ட குடுத்தாச்சு, ஆக்களைக் கூட்டி வாறதும் நாட்சம்பளம் குடுக்கிறதும் அவர்தான். போன செவ்வாய் வெளிச்சுவருக்கு பூச்சு போடேக்க நிண்ட பலகை முறிஞ்சு ஒரு பெடியன் கீழ விழுந்திட்டான், தொடை எலும்பு முறிவு, தகடு வச்சிருக்கு. இப்ப கொந்தராத்துக்காரர் 'உங்கட வளவுக்கதானே விழுந்தவன்' எண்டுறார், பெடியன்ர அண்ணன் எட்டு லட்சம் கேக்கிறார். எல்லாம் என்ர தலையிலயா?

பழைய கிளாக்கர்:
வளவு ஆற்ற எண்டு இல்ல தம்பி, வேலைக்கு வச்சது ஆர் எண்டதுதான் முதல் கேள்வி. இலங்கையில 1934ம் ஆண்டு 19ம் இலக்க தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் எண்டு ஒண்டு கிடக்கு, அதின்படி முதல் பொறுப்பு சம்பளம் குடுக்கிற கொந்தராத்துக்காரருக்கு. 2022 திருத்தத்தில உச்சத்தொகையை அஞ்சரை லட்சத்தில இருந்து 20 லட்சமாக்கினவங்க, ஆனா கிடைக்கிறது சம்பளத்தையும் உடம்பில வந்த குறையையும் பாத்துத்தான், அண்ணன் வாயால சொல்லுற கணக்கில்ல. தன்ர தொழிலுக்காக கொந்தராத்து குடுத்தவரையும் சட்டம் பிடிக்கும், சும்மா குடியிருக்கக் கட்டுறவர் பொதுவா அதுக்குள்ள வரமாட்டார். மேல அறை எதுக்கு?

உப்புவெளிக்காரன்:
சீசனுக்கு வெள்ளையளுக்கு விடத்தான் அண்ணா..

பழைய கிளாக்கர்:
அட. அப்ப கதை மாறுது, நாளைக்கே லோயரைப் பிடியுங்கோ, கொந்தராத்து ஒப்பந்தக் கடதாசியும் கொண்டு போங்கோ.

நிலாவெளி அக்கா:
அந்தப் பலகை ஆர் குடுத்தது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே? நட்டஈட்டுச் சட்டம் ஒரு பக்கம், கவலையீனம் எண்டு மாவட்ட நீதிமன்றத்திலயும் வழக்குப் போடலாம், அதுக்கு ரெண்டு வருசம் தவணை இருக்கு. ஆஸ்பத்திரிச் செலவுக்கு உங்களால ஏலுமானதைக் குடுங்கோ, பாவம் உழைக்கிற பெடியன், ஆனா மருத்துவ உதவி எண்டு மட்டும் எழுதி ஒப்பம் வாங்குங்கோ, பிழை என்னில எண்டு ஒரு சொல்லும் எழுதிப்போடாதீங்கோ. முறிஞ்ச பலகைய அடுப்புக்க வைக்கவும் வேண்டாம்.

உப்புவெளிக்காரன்:
பலகை அப்பான்ர பழைய வள்ளத்துப் பலகை அக்கா. ஒண்டு குறையுது எண்டு கொந்தராத்துக்காரர் கேட்டார், நான்தான் கொட்டிலுக்குள்ள இருந்து இழுத்துக் குடுத்தன். இப்ப போய்ப் பாத்தன், சரியா பழைய ஆணி ஓட்டையில முறிஞ்சிருக்கு.