வெள்ளைச் சட்டையில் மஞ்சள் கறை, ப்ளீச்சிங் பவுடர் போடலாமா?
(ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்க்காரர்கள் மூவரின் உரையாடல்; பெயருக்குப் பதில் ஊர்.)

தங்கச்சிமடம்:
குழாயில் வரும் காவிரித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவுமே தீர்ந்துவிடுகிறது. துவைப்பதற்கு போர்வெல் தண்ணீர்தான். மகனின் பள்ளிச் சட்டைகள் எல்லாம் மங்கலாகப் பழுப்பேறி வருகின்றன, நடுநடுவே செம்மஞ்சள் திட்டும் விழுகிறது. பிடிக்கும்போது தண்ணீர் தெளிவாக இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் வாளியின் அடி மஞ்சளாகிறது. ப்ளீச்சிங் பவுடரில் ஊறப்போடு என்கிறார்கள். போடலாமா?

மண்டபம்:
வேண்டவே வேண்டாம் தங்கச்சி. தண்ணீரில் இரும்பு கரைந்திருக்கிறது. காற்றுப் பட்டதும் அதுதான் துருவாக மாறி மஞ்சளடிக்கிறது. ப்ளீச்சிங் பவுடர் அந்த வேலையை இன்னும் வேகமாகச் செய்து, கறையைத் துணியிலேயே நிறுத்திவிடும்.
ஒன்று சொல்லுங்கள், திட்டுகள் கொடியில் மடங்கும் இடத்தில் குறுக்காக விழுகின்றனவா?

தங்கச்சிமடம்:
ஆமாம் அக்கா, குறுக்கேதான். கம்பிக் கொடி.

மண்டபம்:
அப்படியென்றால் திட்டுக்குக் காரணம் கொடி. நம் உப்புக் காற்றில் கம்பி சீக்கிரமே துருப்பிடிக்கும். கழற்றிவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள், கிளிப்பும் கம்பிச் சுருள் இல்லாததாகப் பாருங்கள்.
திட்டின்மேல் எலுமிச்சம்பழம் பிழிந்து, கல்லுப்பு தூவி வெயிலில் வையுங்கள். காயக் காயச் சாறு விட வேண்டும், காய்ந்தால் வேலை செய்யாது. சட்டை முழுக்க ஏறிய பழுப்புக்கு எலுமிச்சை கட்டுப்படியாகாது. மளிகைக் கடையில் சிட்ரிக் ஆசிட் தூள் கிடைக்கும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு தேக்கரண்டி கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்து நன்றாக அலசுங்கள். கலர் துணி என்றால் உள்தையலில் கொஞ்சம் தொட்டுப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். கறை முழுசாகப் போகும்வரை இஸ்திரி போடாதீர்கள்.

கீழக்கரை:
மேலே சொன்னது சரி. தண்ணீரையும் கவனிக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பத் திரும்பப் பழுப்பேறும். சாயங்காலமே டிரம்மில் உயரத்திலிருந்து விழும்படி பிடித்து, ராத்திரி முழுக்க அசைக்காமல் விடுங்கள். மஞ்சள் நிறைய அடியில் படியும். காலையில் மேல்தண்ணீரை மட்டும் மொண்டு துவையுங்கள். உப்பு இதனால் குறையாது, அதனால் கட்டிச் சோப்பில் நுரை வராமல் திரிதிரியாக ஒட்டும். சோப்புத்தூளே நல்லது. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி காவிரித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஒதுக்க முடிந்தால் துணி தெளிவாக இருக்கும்.
ரொம்ப முக்கியம்: சிட்ரிக் ஆசிட்டும் ப்ளீச்சிங் பவுடரும் ஒரே வாளியில் சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். கழிப்பறை ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரோடு சேர்க்கக் கூடாது.

தங்கச்சிமடம்:
ரொம்ப நன்றி மண்டபம் அக்கா, கீழக்கரை லாத்தா. எலுமிச்சையில் குறுக்குக் கோடு நன்றாக மங்கியிருக்கிறது, கயிறும் மாற்றியாச்சு. மஞ்சளேறிய வாளிக்கும் அந்த சிட்ரிக் தண்ணீரே போதுமா?

மண்டபம்:
போதும். சட்டை ஊறிய தண்ணீரையே ஊற்றி வைத்துத் தேயுங்கள். மொசைக் தரையில் மட்டும் கொட்டிவிடாதீர்கள், பளபளப்பை அரித்துவிடும்.