ஆறு கொம்பியூட்டர், எல்லாம் விண்டோஸ் 10: 11க்கு ஏத்துறதா, விடுறதா?

இரணைமடு:
கிளிநொச்சியில ரைப்செட்டிங், போட்டோக்கொப்பி, ஒன்லைன் விண்ணப்பம் நிரப்பிக் குடுக்கிற கடை. ஆறு மெஷின், எல்லாத்திலயும் விண்டோஸ் 10. 2025 ஒக்டோபர் 14 ஓட அதுக்கான இலவச அப்டேட் நிண்டுபோச்சு. இனி என்ன செய்யிறது எண்டு முடிவெடுக்க வேணும்.
ஒண்டு ஐ5 8500, 8 ஜிபி ரம், எஸ்எஸ்டி. ரெண்டு ஐ5 6500, 8 ஜிபி, 500 ஜிபி ஹாட் டிஸ்க். ரெண்டு எச்61 போர்ட் (பழைய மதர்போர்ட்), ஐ3 3220, 4 ஜிபி, 32 பிட் விண்டோஸ். அதில ஒண்டில பேஜ்மேக்கரும் கனன் எல்பிபி 2900 பிரிண்டரும் ஓடுது. கடைசி கோர் 2 டுவோ ஈ7500, 2 ஜிபி. சனம் கொண்டு வாற பென் டிரைவ் எந்த மெஷினிலயும் குத்துப்படும். நெட் 4ஜி ரவுட்டரில. காசு அளவோடதான்.

பரந்தன்சந்தி:
ஏத்த வேணும். ஊர்ப் பென் டிரைவ் எல்லாம் குத்துப்படுற கடைக்கு அப்டேட் இல்லாத விண்டோஸ் ஆகாது. 2010இல ஸ்டக்ஸ்நெட் எண்ட வைரஸ் பரவின விதத்தைப் பாருங்கோ. பென் டிரைவில கிடந்த ஷோர்ட்கட்டை ஆரும் கிளிக் பண்ணத் தேவையில்லை. ஃபோல்டரைத் திறந்து ஐகன் திரையில வந்தாலே காணும். அந்த ஓட்டைக்கு மைக்ரோசொப்ட் அப்டேட் விட்டது அந்த வருசம் ஓகஸ்ட்டில. 2017 மே மாசம் கோப்பைப் பூட்டிக் காசு கேட்ட வனாக்ரை வந்தபோதும் மார்ச்சிலயே அப்டேட் இருந்தது. போடாத மெஷின் அடிபட்டது. அது ஒண்டில புகுந்தால் அதே நெட்வேர்க்கில கிடக்கிற மற்றதுகளுக்கும் கோப்புப் பகிர்வுக்கான 445ஆம் போர்ட்டால தானாகப் போகும். உங்கட ஆறும் ஒரே ரவுட்டரில.
உங்களிட்டக் கிடக்கிறது சனத்தின்ர அடையாள அட்டை ஸ்கான், வங்கிப் புத்தகப் பிரதி, பிறப்புச் சான்றிதழ். அதைக் காப்பாத்துறது கடையின்ர கடமை.

மாங்குளம்வடக்கு:
பயம் காட்டினால் காணாது தம்பி, மெஷினைப் பார்த்துச் சொல்லுங்கோ. 11 கேக்கிறது டிபிஎம் 2.0 (சாவிகளைக் காக்கிற பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (நம்பகமில்லாத மென்பொருளோட மெஷின் தொடங்காமல் தடுக்கிற காவல்), 4 ஜிபி ரம், 64 ஜிபி இடம், இன்டெல் எண்டால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை. ஆறில 8500 ஒண்டுதான் தேறும். 6500 மைக்ரோசொப்டின்ர சிபியு பட்டியலில இல்லை. எச்61 போர்ட்டில டிபிஎம்மே இருக்காது. கோர் 2 டுவோவில 24எச்2 (11இன்ர 2024 பதிப்பு) பூட்டே ஆகாது: அது கேக்கிற எஸ்எஸ்இ 4.2, பொப்கவுண்ட் எண்ட சிபியு கட்டளை ரெண்டும் ஈ7500இல இல்லை. எந்தக் குறுக்கு வழியும் அதுக்குச் சரிவராது.
ஒழுங்கா ஓடுற மெஷினைக் குழப்ப வேண்டாம். 10இன்ர கடைசிப் பதிப்பான 22எச்2இல இருக்கோ எண்டு பாருங்கோ. இருந்தால் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில அப்டேட் நீட்டிப்புக்குப் பதியிற இணைப்பு வரும். மைக்ரோசொப்ட் கணக்கால உள்நுழைஞ்சு செட்டிங்ஸை ஒத்திசைச்சால் காசில்லாமல் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட். ஒரு கணக்கில 10 மெஷின் பதியலாம். விண்டோஸோட வாற வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின்ர வைரஸ் பட்டியல் 10க்கு 2028 ஒக்டோபர் வரை வரும். எட்ஜ் பிரவுசரும் அதுவரை.

பரந்தன்சந்தி:
அண்ணை, அந்த நீட்டிப்பு வீட்டுப் பாவனைக்கு. வியாபாரத்துக்கு அதைப் பாவிக்க நிபந்தனை இடம் குடுக்காது. கடைக்கு உரியது வேற: முதல் வருசம் ஒரு மெஷினுக்கு 61 டொலர், அடுத்த வருசம் அது ரெட்டிப்பு, மூண்டாம் வருசம் பிறகும் ரெட்டிப்பு. ஆறு மெஷினுக்கு முதல் வருசமே 366 டொலர். அந்தக் காசுக்கு எஸ்எஸ்டி வாங்கலாம்.
டிஃபெண்டர் பட்டியல் வருது எண்டதும் போதாது. அது தெரிஞ்ச வைரஸைப் பிடிக்கும். விண்டோஸில இருக்கிற ஓட்டையை அடைக்காது.
இன்னொண்டு. இந்த மெஷின்களில விண்டோஸ் க்ராக் பண்ணிப் போட்டதெண்டால் முதல் அதைப் பாருங்கோ. அக்டிவேட்டர் ஓட டிஃபெண்டரை நிப்பாட்டச் சொல்லும், இல்லாட்டி ஒரு ஃபோல்டரை ஸ்கானுக்கு வெளியில வைக்கச் சொல்லும். டிஃபெண்டரின்ர எக்ஸ்குளூஷன் பட்டியலைத் திறந்து அப்பிடி ஏதும் கிடக்கோ எண்டு பாருங்கோ. கிடந்தால் 10 எண்டாலும் 11 எண்டாலும் கதவு திறந்துதான் கிடக்குது.

மாங்குளம்வடக்கு:
நிபந்தனை விசயம் நீங்கள் சொன்னது சரி, நான் அதை விட்டிட்டன். ஆனால் 6500ஐ எப்பிடி ஏத்தப் போறியள்? ரூஃபஸ் எண்ட பென் டிரைவ் மென்பொருளால 11இன்ர சோதனையை வெட்டித்தானே? அப்பிடி ஏத்தின மெஷினுக்கு மாசாந்த அப்டேட் வந்தாலும் வருசாந்தப் பெரிய பதிப்பு தானா வராது. 24எச்2க்கு 2026 ஒக்டோபர் 13 வரைதான் ஆயுள், 25எச்2க்கு 2027 ஒக்டோபர் 12. ஒவ்வொரு முறையும் ஐஎஸ்ஓ (நிறுவல் கோப்பு) இறக்கிக் கையால போட வேணும். மைக்ரோசொப்ட் எந்த நாளும் அந்த வழியை அடைக்கலாம்.

பரந்தன்சந்தி:
போடுவம். ஐஎஸ்ஓ பெரிய கோப்பு, குறைஞ்சது 8 ஜிபி பென் டிரைவ் வேணும். ஒருக்கா இரவு டேட்டாவில இறக்கினால் எல்லா மெஷினுக்கும் அதுவே. 6500 போர்ட்டில டிபிஎம் 2.0 இருக்கும், பயோஸில பிடிடி (இன்டெலின்ர டிபிஎம்) எண்டு தேடி ஒன் பண்ண வேணும். விண்டோஸ் விசையோட ஆர் அழுத்தி டிபிஎம் புள்ளி எம்எஸ்சி எண்டு அடிச்சால் பதிப்பு தெரியும். அதில தடையாக நிக்கிறது சிபியு பட்டியல் மட்டும்.
ஆனால் ஹாட் டிஸ்க்கில 11 போட வேண்டாம். டாஸ்க் மனேஜரில டிஸ்க் 100 வீதத்தில நிண்டபடி வேர்ட் திறக்கவே நேரம் எடுக்கும். 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ரெண்டு போட்டால்தான் சரி. பழைய டிஸ்க்கை அப்பிடியே கழட்டி வையுங்கோ. பிழைச்சால் திரும்பக் கொழுவலாம். அதைவிடப் பாதுகாப்பான பின்வாசல் இல்லை.

நெடுங்கேணி:
ரெண்டு பேரும் 6500இல நிக்கிறியள். எச்61 ரெண்டையும் கோர் 2 டுவோவையும் என்ன செய்யிறது? விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் 22 எக்ஸ்எஃப்சிஇ எண்ட பாரம் குறைஞ்ச இயங்குதளம் போடுங்கோ. 2029 வரை அப்டேட், லைசன்ஸ் காசு இல்லை, டிபிஎம் கேக்காது. தமிழ்99, ரெங்கநாதன் ரெண்டு விசைப்பலகையும் ஐபஸ் எம்17என் எண்ட தட்டச்சுத் தொகுப்பில இருக்கு. பாமினி எழுத்துருக் கோப்பை வீட்டு ஃபோல்டரில புள்ளி வைச்ச ஃபொன்ட்ஸ் ஃபோல்டருக்குள்ள போட்டு எஃப்சி-கேஷ் கட்டளையை ஓட்டினால் லிப்ரே ஒபிஸ் (வேர்ட் மாதிரி இலவச மென்பொருள்) எடுத்துக்கொள்ளும்.

மாங்குளம்வடக்கு:
எல்பிபி 2900 லினக்ஸில ஓடுமோ? அது கனனின்ர கப்ட் டிரைவர், லினக்ஸில அதோட மல்லுக்கட்ட வேணும். பேஜ்மேக்கரும் ஓடாது. கலியாணக் கார்ட்டும் நினைவுமலரும் பேஜ்மேக்கரில அடிக்கிற கடையில போய் லினக்ஸ் எண்டால் தொழில் நிண்டுபோகும். வேர்டில செய்த விண்ணப்பப் படிவம் லிப்ரேயில ரெண்டு வரி கீழ இறங்கினாலே வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டு வருவார்.

நெடுங்கேணி:
சரி, பேஜ்மேக்கர் மெஷினை விடுங்கோ. அதை நெட்டில இருந்து கழட்டி 10ஓடயே விடலாம்.
நான் முக்கியமாச் சொல்றது கோர் 2 டுவோவை. அதைக் கடை வாசலில வைச்சு, சனத்தின்ர பென் டிரைவ் அதில மட்டும் குத்துங்கோ. ரம்மை மட்டும் 4 ஜிபி ஆக்குங்கோ. 2 ஜிபியில மின்ட் நிக்கும், பிரவுசர் திறந்தால் மூச்சு வாங்கும். விண்டோஸுக்கெண்டு எழுதின ஷோர்ட்கட் வைரஸ் லினக்ஸில ஓடாது. வைரஸ் ஒளிச்சு வைச்ச ஃபோல்டர் எல்லாம் ஒளியாமல் கண்ணுக்குத் தெரியும். தேவையான பிடிஎஃப், படம், வேர்ட் கோப்பை மட்டும் பகிர்வு ஃபோல்டருக்குள்ள இழுத்து விட்டால் மற்ற மெஷின் அங்கயிருந்து எடுக்கும். இஎக்ஸ்இ, எல்என்கே, விபிஎஸ் எண்டு முடியிற எதையும் இழுக்க வேண்டாம். வேர்ட் கோப்பு மக்ரோவை (உள்ள கிடக்கிற சிறு நிரலை) ஓட்டவோ எண்டு கேட்டால் ஓம் எண்டு சொல்லக் கூடாது. பரந்தன் சொன்ன ஸ்டக்ஸ்நெட் வழி இதோட வாசலிலயே நிக்கும், நீங்கள் எந்த விண்டோஸ் வைச்சிருந்தாலும்.

பரந்தன்சந்தி:
இதை நான் யோசிக்கேல்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் இதைச் சாட்டி மற்ற மெஷினை ஏத்தாமல் விடக் கூடாது. நெட்டால வாறதை வாசல் மெஷின் தடுக்காது.

புளியங்குளம்:
தமிழ் எழுத்துரு பற்றி ஒருவரும் விரிவாகச் சொல்லவில்லை. ரைப்செட்டிங் கடையில் வேலை கெடுவது அதிகமும் அங்கேதான்.
புதிதாக 11 போட்டால் லதா எழுத்துரு இருக்காது. விண்டோஸ் 10 இலிருந்தே அது தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்ற விருப்பத் தேர்வுக்குள் போய்விட்டது. லதாவில் செய்த படிவத்தைத் திறந்தால் நிர்மலா அந்த இடத்தில் வந்து நிற்கும், வரிகள் நகரும், பக்கம் உடையும். செட்டிங்ஸில் ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் அதைச் சேர்த்துவிடுங்கள். நெட் வேண்டும்.
பாமினியை இரட்டைக் கிளிக் செய்து நிறுவினால் அது அந்தப் பயனருக்கு மட்டும் போகும். பழைய மென்பொருள்கள் சில அதைக் காணாது. வலப்பக்கக் கிளிக் செய்து எல்லாப் பயனருக்கும் என்பதைத் தெரிவு செய்யுங்கள்.
மூன்றாவதுதான் ஆட்களை அதிகம் குழப்புவது. புதிதாக நிறுவிய வேர்டில் வசனத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் தன்திருத்தம் இயங்கிக்கொண்டிருக்கும். பாமினி ஆங்கில எழுத்துக்கே தமிழ் வடிவம் கொடுக்கும் பழைய எழுத்துரு; அதில் த இருக்கும் விசையைச் ஷிப்ட்டோடு அழுத்தினால் து. ஆகவே வரித் தொடக்கத்தில் தமிழ் என்று அடித்தால் துமிழ் என்று நிற்கும். அம்மா ஆம்மாவாகும். எழுத்துரு பழுது என்று அதைக் கழற்றிக் கழற்றிப் போடுவார்கள். ஓட்டோகரெக்ட் பெட்டியைத் திறந்து அந்த ஒரு சரியடையாளத்தை எடுத்தால் முடிந்தது.
32 பிட் இருக்கும் எச்61 மெஷினை நேரடியாக 11க்கு ஏற்ற முடியாது. 11இல் 32 பிட் பதிப்பே இல்லை, துடைத்துத்தான் போட வேண்டும். பிரிண்டருக்கு 64 பிட் டிரைவர் தனியாக எடுக்க வேண்டும். நிறுவி 16 பிட்டாக இருக்கும் பழைய மென்பொருள் எதுவும் 64 பிட்டில் திறக்கவே திறக்காது. அதனால் பேஜ்மேக்கர் மெஷினைத் தொடாதீர்கள் என்பதில் மாங்குளத்தாரோடு நிற்கிறேன்.

இரணைமடு:
எல்லாருக்கும் நன்றி. 8500ஐ முதல் ஏத்துவம் எண்டு நினைக்கிறன். எம்எஸ்இன்ஃபோ32இல பயோஸ் மோட் லெகசி (பழைய பூட் முறை) எண்டு காட்டுது, 11க்கு யுஇஎஃப்ஐ எண்ட புது முறை வேணும். டிஸ்க்கில சி, டி, ஈ எண்டு பிரிச்சுக் கிடக்கு. துடைக்காமல் செய்யலாமோ?

பரந்தன்சந்தி:
செய்யலாம். டிஸ்க்கின்ர பழைய எம்பிஆர் பிரிப்பை யுஇஎஃப்ஐக்கு வேண்டிய ஜிபிடி ஆக்கிற எம்பிஆர்2ஜிபிடி எண்ட கட்டளை விண்டோஸுக்குள்ளயே இருக்கு. அட்மினாகக் கட்டளைச் சாளரத்தைத் திறந்து முதல் வலிடேட் எண்டு மட்டும் குடுத்து ஓட்டுங்கோ. அது ஒண்டையும் மாத்தாது, சரிவருமோ எண்டு மட்டும் சொல்லும். பிரைமரி பார்ட்டிஷன் மூண்டுக்கு மேல இருந்தாலோ, லொஜிக்கல் பார்ட்டிஷன் இருந்தாலோ முடியாதெண்டு நிக்கும். உங்கட டி, ஈ லொஜிக்கலாக இருக்கத்தான் சான்ஸ் கூட. அதில கிடக்கிறதை வெளி டிஸ்க்குக்கு எடுத்து, ரெண்டையும் அழிச்சுப்போட்டுத் திரும்ப ஓட்டுங்கோ. சரி எண்டு வந்தால்தான் கன்வேர்ட். முடிஞ்ச உடன பயோஸில சிஎஸ்எம்மை (பழைய பூட் முறைக்கு இடம் குடுக்கிறதை) நிப்பாட்டி யுஇஎஃப்ஐக்கு மாத்தாட்டி விண்டோஸ் திறக்காது.
ஏத்தின பிறகு 10 நாளுக்குள்ள திரும்ப 10க்கு வரலாம். அதுக்குள்ள இடம் காணாதெண்டு விண்டோஸ் புள்ளி ஓல்ட் ஃபோல்டரை அழிச்சுப்போடாதேங்கோ.

மாங்குளம்வடக்கு:
அதுக்கு முதல் பயோஸ் பற்றறியை மாத்துங்கோ. சிஆர்2032. மீற்றரில 3 வோல்ற் அளவு காட்ட வேணும். இஞ்ச மின்னலுக்குப் பயந்து இரவில பிளக்கைக் கழட்டி வைக்கிறம். அந்த நேரம் முழுக்கப் பயோஸ் அந்தப் பற்றறியிலதான் உயிர் வாழுது, அதால கெதியாத் தேயும். பற்றறி செத்தால் பயோஸ் பழைய நிலைக்குப் போகும். சிஎஸ்எம் திரும்ப வரலாம், பிடிடி நிக்கலாம். 10இல எண்டால் மணிக்கூடு பிழைச்சு வலைத்தளம் திறக்காமல் விடும், அவ்வளவுதான். 11இல டிஸ்க்கைப் பிட்லொக்கர் பூட்டியிருந்தால் 48 இலக்கச் சாவி கேட்டு நிக்கும்.
அதால இதையும் பாருங்கோ: 24எச்2ஐத் துடைச்சுப் போட்டு மைக்ரோசொப்ட் கணக்கால நுழைஞ்சால் டிஸ்க்கைத் தானாப் பூட்டும், ஹோம் பதிப்பெண்டாலும். சாவி அந்தக் கணக்கில கிடக்கும். வேலைக்கு நிக்கிற பிள்ளையின்ர கணக்கில போட்டு, அந்தப் பிள்ளை விலகிப் போனால் சாவியும் போச்சு. கடைக்கெண்டு தனிக் கணக்கு வைச்சு, சாவியைக் கடதாசியில அச்சடிச்சு வையுங்கோ. இல்லாட்டி பிரைவசி செட்டிங்ஸில டிவைஸ் என்கிரிப்ஷனை நிப்பாட்டுங்கோ.

நெடுங்கேணி:
நிப்பாட்ட வேண்டாம். சனத்தின்ர அடையாள அட்டை கிடக்கிற டிஸ்க்கைக் களவெடுத்தால் என்ன செய்வியள்? சாவியை அச்சடிச்சு வைக்கிறதே சரி.

மாங்குளம்வடக்கு:
கடையில ஒராள் அதுக்குப் பொறுப்பாக நிண்டால் சரி. இல்லாட்டி பூட்டால வாற இழப்புத்தான் கூட. இதில நான் மாறமாட்டன்.

இரணைமடு:
8500 இந்தக் கிழமை. 6500 ரெண்டுக்கும் எஸ்எஸ்டி வாங்கின பிறகு. பேஜ்மேக்கர் மெஷினில நெட் வயரைக் கழட்டிறன். மற்ற எச்61க்கும் வாசல் மெஷினுக்கும் மின்ட். பற்றறியைப் பிளக் கொழுவினபடி மாத்தலாமோ?

மாங்குளம்வடக்கு:
வேண்டாம். முதல் பயோஸ் பக்கங்களை எல்லாம் போனில படம் எடுங்கோ, முக்கியமா சாட்டா மோட் (டிஸ்க் இணைப்பு முறை) பக்கம். பிளக்கைக் கழட்டி, பவர் பட்டனைப் பத்துச் செக்கன் அமத்திப் பிடிச்சுப்போட்டு மாத்துங்கோ. திரும்ப ஒன் பண்ணி விண்டோஸுக்குப் போக முதல் பயோஸுக்குள்ள போய்ச் சாட்டா மோட் படத்தில இருந்தமாதிரியே இருக்கோ எண்டு பாருங்கோ. ஏஎச்சிஐயில இருந்தது ரெயிட்டுக்கு மாறியிருந்தால் நீலத் திரையில இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ் எண்டு வரும். டிஸ்க் பழுதில்லை, அந்த ஒரு வரியை மாத்தினால் திறக்கும். ஐப்பசி கார்த்திகை எண்டால் காலமையே தொடங்குங்கோ. பின்னேரம் இடி முழங்கினால் யூபிஎஸ் தாக்குப்பிடிக்கிறது கொஞ்ச நேரம், ஏத்திற வேலை ஒரு மணித்தியாலத்துக்கு மேலயும் இழுக்கும்.