கலைச்சொல் வேணும்: பைப்லைன் காட்டுற டோக்கனுக்கு (சனிக்கிழமைக்குள்ள)

வியாசர்பாடி:
எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை கிளாஸ், பாலிடெக்னிக் பசங்க முப்பது பேரு, சனிக்கிழமை சாயங்காலம் நோட்ஸை ஜெராக்ஸ் கடைல குடுத்தாகணும். பாடம், சிஐ பைப்லைன்லருந்து (கன்டினியுவஸ் இன்டக்ரேஷன், பல பேர் எழுதற கோடை அப்பப்பச் சேத்துச் சோதிக்கற தானியங்கி வரிசை) கம்பெனியோட ஏபிஐ இன்டக்ரேஷன் தளத்துக்கு (ஒரு மென்பொருளை இன்னொண்ணோட பேச வைக்கற இடம்) பத்திரமா போய்ச் சேர்றது எப்படின்னு. போன வாரம் நான் எழுதின தலைப்பை ஒரு பையன் சத்தமா படிச்சான், "தொடர் ஒருங்கிணைப்புக் குழாய்த்தொடரை ஒருங்கிணைப்புத் தளத்துடன் ஒருங்கிணைத்தல்". கிளாஸே சிரிச்சுது, நானும்தான்.

அதைவிட அவசரம் டோக்கன், அதாவது தளத்துக்குள்ள போக பைப்லைன் காட்டுற டிஜிட்டல் அடையாளம். அதே கிளாஸ்ல ஒரு பொண்ணு கிளையன்ட் சீக்ரெட்டை (பைப்லைனுக்குக் குடுத்த கடவுச்சொல் மாதிரி) பேஸ்64 ஆக்கி (வேற எழுத்துல மாத்தி எழுதறது, யாரும் திருப்பிப் படிக்கலாம்) லாக்ல, அதாவது ஓட்டத்தோட பதிவுல, விட்டுப் பாத்துச்சு. பல சிஐ சிஸ்டத்துல லாக்கு சீக்ரெட் அப்படியே வந்தாத்தான் நட்சத்திரம் போட்டு மறைக்கும், பேஸ்64 பளிச்சுன்னு நிக்கும். அதான், சீக்ரெட்டை பைப்லைன்ல நிரந்தரமா வைக்காம, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதுசா வாங்கி கொஞ்ச நேரத்துல செத்துப்போற டோக்கனைப் பத்திச் சொல்லித்தரப் போறேன். 'குறுவாழ்நாள் அடையாளவில்லை'ன்னு எழுதி வச்சிருக்கேன், எனக்கே சகிக்கல.

ராயபுரம் வாத்தியார்:
தம்பி, வில்லைன்னா மாத்திரை, வில்லைன்னா லென்சு, எத்தனைக்குத்தான் ஒரே சொல்? பட்டினப்பாலையை எடுங்க. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்துல மூட்டைக்கு "புலி பொறித்துப் புறம் போக்கி"ன்னு உருத்திரங்கண்ணனார் பாடலியா? புலி இல்லாத மூட்டை நகராது. உங்க டோக்கன்லயும் குடுத்தவன் கையெழுத்து இருக்கு, அதைச் சரிபாத்துதான் உள்ள விடறான். ஆகவே 'பொறி'. பொறின்னா அடையாளம், உலகத்தை அடையாளம் காட்டறதாலதான் ஐம்பொறியும் பொறி ஆச்சுன்னு என் கட்சி, இதை மூணு பக்கத்துக்கு எழுதி வச்சிருக்கேன், அனுப்பட்டுமா?

தண்டையார்பேட்டை:
ஐயா, மூணு பக்கம் வேணாம். பொறின்னா பசங்களுக்கு எலிப்பொறிதான், மிஞ்சிப்போனா தேடுபொறி. டோக்கன்னே விடுங்களேன். பொங்கலுக்கு ரேஷன் கடைல குடுக்கறது என்ன, பொறியா? அதுல நாளும் நேரமும் போட்டிருக்கும், தாண்டிப் போனா திட்டுதான். ஓஆத்லயும் (இந்த டோக்கன் குடுக்கற பொது முறை) அதேதான், 2012ல வந்த அதோட விதி ஆவணம் ஆர்எஃப்சி 6749ல உதாரணமே 3600 நொடின்னு இருக்கு, ஒரு மணி நேரம். அப்புறம் அந்தக் 'குழாய்த்தொடர்', எங்க தெருவுல குழாய்னா குழாயடி, குழாயடின்னா சண்டை. பைப்லைன்னு மணலி ரிஃபைனரிக்குக் க்ரூட் போறதைச் சொல்றவங்ககிட்ட இன்னாத்துக்குப் புதுச்சொல்லு?

பெரம்பூர்:
ஒருங்கிணைப்புப் பேஜாருக்கு என்கிட்ட ஒரு வழி இருக்கு. எங்கப்பா ஐசிஎஃப்ல (இன்டகரல் கோச் ஃபேக்டரி, ரயில் பெட்டி செய்யற இடம்) ஷெல் டிவிஷன். 1955ல ஆரம்பிச்ச அந்தத் தொழிற்சாலை பேர்ல 'இன்டகரல்' ஏன் வந்துச்சுன்னா, பெட்டியோட அடிச்சட்டமும் கூடும் தனித்தனியா இல்லாம ஒரே உடம்பா பாரம் தாங்கும். ஆனா பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவுல இருக்கறது கப்ளிங், மாட்டலாம் கழட்டலாம், ரெண்டும் தனித்தனிப் பெட்டிதான். சிஐ முதல் வகை, பத்து பேர் எழுதின கோடு அன்னன்னைக்கே ஒரே உடம்பாவுது. ஏபிஐ தளம் ரெண்டாவது வகை, பில்லிங் பில்லிங்காவே இருக்கும், ஸ்டாக் ஸ்டாக்காவே இருக்கும், நடுவுல கொக்கி. அதனால முன்னது ஒருங்கிணைப்பு, பின்னது வெறும் 'இணைப்புத் தளம்'.

தண்டையார்பேட்டை:
அட! இது நல்லாருக்கு.

மணலி:
எல்லாரும் ஒரு டோக்கனைப் பத்தியே பேசறீங்க, அங்க இருக்கறது ரெண்டு. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்ல (கிட்ஹப்ங்கற கோடு சேமிக்கற தளத்தோட சிஐ) 2021லருந்து ஓஐடிசி, அதாவது அடையாளத்தை நிரூபிக்கற முறை, இருக்கு. பைப்லைன் ஓடும்போது "நான் இந்த ரெப்போ (கோடு வச்சிருக்கற கிடங்கு), இந்தக் கிளை, இன்னாருக்காக வந்திருக்கேன்"னு கிட்ஹப் கையெழுத்துப் போட்டு ஒண்ணு குடுக்கும். அது நீ யாருன்னு மட்டும்தான் சொல்லும். அதைக் காட்டி வாங்கற ரெண்டாவதுதான் உள்ள விடும். பல இணைப்புத் தளங்க முதலாவதை நேரா நம்பாது, கிளையன்ட் ஐடியும் சீக்ரெட்டும்தான் கேக்கும். அப்ப நடுவுல ஒரு வால்ட், அதாவது சீக்ரெட்டைப் பூட்டி வைக்கற பெட்டகம், வைப்போம், பைப்லைன் அங்க போய்த் தன்னைக் காட்டி, சீக்ரெட்டை அந்த நேரத்துக்கு வாங்கி, அதைத் தளத்துல குடுத்து டோக்கன் வாங்கிக்கும். ரெண்டையும் ஒரே சொல்லால சொன்னா பசங்க மறுபடி லாக்லதான் கொட்டுவாங்க.

ஹார்பர் வேலைக்குப் போறவன் கழுத்துல ஒரு அட்டை இருக்கும், கையில அன்னைக்கு தேதி போட்ட கேட் பாஸ் இருக்கும். கேட் பேரு போட்டிருந்தா அந்த கேட்டு மட்டும்தான். முதலாவதுக்கு வில்லையே போதும், வாத்தியார் ஐயா மறந்துட்டாரு, வில்லைச் சேவகன் (அந்தக் காலத்து ஆபீஸ் பியூன்) மார்ல மாட்டின பித்தளை எது? ரெண்டாவது 'நாட்சீட்டு'.

ராயபுரம் வாத்தியார்:
வில்லைச் சேவகன் நியாயம்தான், ஒத்துக்கறேன். ஆனா சீட்டு? அது வடக்கத்தி 'சிட்டி'ங்கற சொல்லுலருந்து வந்ததுன்னு சொல்வாங்க. போதாக்குறைக்கு சீட்டுன்னா ஏலச்சீட்டு, ஓடிப்போன சீட்டுக்காரன். நம்பகத்துக்கு நல்ல பேரு வச்சீங்க போங்க. மேலும் ஒரு மணி நேரம் இருக்கறது எப்படி *நாட்*சீட்டு?

பெரம்பூர்:
அப்ப 'நாழிகைச் சீட்டு'. நாழிகை 24 நிமிஷம்னு இப்பவே சொல்லிடறேன், யாரும் ஆரம்பிக்காதீங்க.

ராயபுரம் வாத்தியார்:
ஆரம்பிக்கத்தான் போறேன். இரண்டரை நாழிகை ஒரு மணி, அதனால…

வியாசர்பாடி:
ஐயா மன்னிக்கணும், கடைக்காரர் ஷட்டரை பாதி இறக்கிட்டாரு. ஒருங்கிணைப்பு, இணைப்புத் தளம், வில்லை, 'தற்காலச் சீட்டு', பைப்லைன் பைப்லைனாவே. 'தற்கால'ன்னா இந்தக் காலம்னு அர்த்தம், 'தற்காலிக'ன்னு இருக்கணும்னு மூணாவது பக்கம் மெஷின்ல போனப்புறம்தான் தோணுச்சு, பேனாலேயே 'லிக' சேத்துட்டிருக்கேன், முப்பது காப்பிலயும்.

ராயபுரம் வாத்தியார்:
முப்பதுல ஒரு காப்பில மட்டும் பொறின்னு எழுதி எனக்கு எடுத்து வைங்க தம்பி. பைப்லைனுக்கு 'மதகு' பத்தி நாளைக்கு எழுதறேன்.