புதுப்பிப்பு: மண்டபம் அலுவலகக் கணினிகளுக்கு வட்டு நகலெடுத்த வேலை

ராமேஸ்வரம் அருகே உள்ள மண்டபம் ஊரில் எங்கள் மீன் ஏற்றுமதி அலுவலகத்துக்கு வாங்கிய 12 கணினிகளிலும் விண்டோஸ் 11-ஐத் தனித்தனியாக நிறுவாமல், ஒரே வட்டிலிருந்து நகலெடுக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். வேலை நல்லபடியாக முடிந்துவிட்டது. வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

முதல் கணினியில் கணக்கு மென்பொருள், தமிழ்99 விசைப்பலகை, பிரிண்டர் டிரைவர் எல்லாவற்றையும் நிறுவி, வட்டைக் குறியாக்கிப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரை அணைத்து, நகலெடுப்பதற்கு விண்டோஸைத் தயார்செய்யும் சிஸ்பிரெப் கருவியை, அந்தக் கணினிக்கே உரிய அடையாளங்களை நீக்கும் ஜெனரலைஸ் தெரிவுடன் ஓட்டினேன். கணினி அணைந்தபின் மீண்டும் விண்டோஸுக்குள் போகவிடாமல், வட்டை நகலெடுக்கும் குளோன்ஸில்லா மென்பொருள் உள்ள பென்டிரைவிலிருந்தே தொடங்கி, வட்டின் பிம்பத்தை (முழு நகலை) வெளி ஹார்ட் டிஸ்கில் சேமித்தேன்.

சிஸ்பிரெப்பைத் தயவுசெய்து யாரும் தவிர்க்க வேண்டாம். அதை விட்டுவிட்டால் எல்லாக் கணினிகளும் ஒரே பாதுகாப்பு அடையாள எண்ணை (விண்டோஸ் ஒவ்வொரு கணினிக்கும் தரும் SID) சுமக்கும். 2025 ஆகஸ்ட் இறுதி முதல் வந்த விண்டோஸ் 11 புதுப்பிப்புகளுக்குப் பிறகு, அத்தகைய கணினிகள் ஒன்றின் பகிர்வுக் கோப்புறையை மற்றொன்று திறக்க முயலும்போது, கடவுச்சொல் சரியாக இருந்தாலும் அனுமதி மறுக்கப்படுகிறது.

சில கணினிகளில் 240 ஜிபி வட்டும் மற்றவற்றில் 256 ஜிபி வட்டும் இருந்தன. இலக்கு வட்டு சிறியதாக இருந்தால் குளோன்ஸில்லா இயல்பாக மறுத்துவிடும் என்பதால், 240 ஜிபி கணினியையே மூலமாக வைத்துக்கொண்டேன். காற்று பலமாக வீசினால் இங்கே மின்சாரம் சொல்லாமல் போகும். ஆகவே பிம்பத்தை மற்ற கணினிகளின் வட்டுகளில் எழுதும் நேரம் முழுவதும் யுபிஎஸ் இணைப்பிலேயே வைத்திருந்தேன்.

விண்டோஸ் உரிமம் தாய்ப்பலகையோடு பிணைந்திருந்ததால், இணையம் கிடைத்ததும் தானாகவே செயல்பாட்டுக்கு வந்துவிட்டது. கணினிப் பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றினேன்.