தாழ்நிலையா, தேய்நிலையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வருமானம் கூடக் கூடத் தேவை குறைகிற பண்டத்தை (பொருளாதாரத்தில் ஆங்கிலத்தில் inferior good) தமிழில் என்ன பெயரிட்டு அழைப்பது என்ற பேச்சில் இதுவரை ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன: தாழ்நிலைப் பண்டம், இழிவுப் பண்டம், மட்டரகப் பண்டம், மலிவுப் பண்டம், விடுபண்டம். எனக்கு ஐந்திலும் நிறைவில்லை. காரணம் சொல்லிவிட்டு என் பங்குக்கு ஒன்றை வைக்கிறேன். தாராளமாக அடித்துத் துவையுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொருளாதாரக் கட்டுரையின் மொழிபெயர்ப்பை மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தேன். "மந்தநிலையின்போது தரமற்ற பொருள்களுக்குக் கிராக்கி கூடுகிறது" என்று அதில் ஒரு வரி. சந்தி சரியாக இருந்தது, நானும் விட்டுவிட்டேன். வெளிவந்த பிறகு ஒரு வாசகர் கேட்டார்: "ஏமாந்து வாங்குகிறார்களா, தெரிந்தே வாங்குகிறார்களா?" மூலத்தில் தரத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அங்கே இருந்த உதாரணங்கள் பேருந்துப் பயணமும் பிறர் உடுத்திய துணியும்தான். தவறு வாசகருடையது அல்ல, நாங்கள் வைத்த பெயருடையது.

இந்தக் கருத்தில் தரத்துக்கு இடமே கிடையாது. பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான்: விலைகள் மாறாமல் இருக்க, வாங்குபவரின் வருமானம் மட்டும் மாறினால் வாங்கும் அளவு எந்தப் பக்கம் போகிறது? வருமானம் 20 விழுக்காடு கூடி, வாங்கும் அளவு 10 விழுக்காடு குறைந்தால் வருமான நெகிழ்ச்சி (அளவின் மாற்றத்தை வருமானத்தின் மாற்றத்தால் வகுத்த எண்) −0.5. இந்த எண் சுழிக்குக் கீழே இருந்தால் நாம் பெயர் தேடுகிற பண்டம். சுழிக்கு மேலே இருந்தால் சாதாரணப் பண்டம். அதிலும் ஒன்றைத் தாண்டினால் ஆடம்பரம், தாண்டாவிட்டால் அவசியம். அவ்வளவுதான். பேருந்து நேரத்துக்கு வரலாம், குளிரூட்டியிருக்கலாம், இருக்கை மெத்தென்று இருக்கலாம். ஆனாலும் கையில் காசு சேர்ந்தவர் சொந்த வண்டி வாங்கிவிட்டால், அவரைப் பொறுத்தவரை பேருந்துப் பயணம் இந்த வகையில் வந்துவிடும். பேருந்துக்கு இதில் ஒரு குறையும் இல்லை.

மட்டரகம் இதனால்தான் அடிபடுகிறது. மலிவு வேறு விதத்தில் தவறு. உப்பும் மலிவுதான். சம்பளம் இரட்டித்தது என்பதற்காக யாரும் உப்பைக் குறைப்பதில்லை, கூட்டுவதுமில்லை. அதன் நெகிழ்ச்சி சுழியை ஒட்டியே நிற்கும். மலிவு என்பது விலையைப் பற்றிய செய்தி, நமக்கு வேண்டியது வருமானத்தோடு உள்ள உறவைப் பற்றிய செய்தி. விடுபண்டம் ஓசைக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் முற்றாக விட்டுவிடுவதாகத் தொனிக்கிறது. வாரம் ஆறு நாள் பேருந்தில் போனவர் இப்போது இரண்டு நாள் போகிறார், அவ்வளவே.

இழிவுப் பண்டம் இலங்கைப் பாடநூல் வழக்கு. அதை ஒரே வரியில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. பழந்தமிழில் இழிதல் என்றால் இறங்குதல். மலையிலிருந்து அருவி இழிந்தது, தேரிலிருந்து இழிந்தான் என்பார்கள். அந்தப் பொருளில் எடுத்தால் 'இறங்குகிற பண்டம்' என்றாகி, கருத்துக்கு வெகு அருகில் வந்துவிடுகிறது. ஆனால் இன்றைய காதில் இழிவு என்றால் கேவலம். 'இழிவுப் பண்டங்களை அதிகம் வாங்கும் குடும்பங்கள்' என்று ஒரு வகுப்பறையில் படித்தால், அந்தக் கேவலம் பண்டத்தோடு நிற்காமல் குடும்பத்தின் மீதும் ஒட்டிக்கொள்கிறது. தாழ்நிலைக்கும் இதே சிக்கல், சூடு மட்டும் கொஞ்சம் குறைவு.

சரி, என் முன்மொழிவு: தேய்நிலைப் பண்டம். எதிரிணையான சாதாரணப் பண்டத்துக்கு வளர்நிலைப் பண்டம்.

வளர்பிறை, தேய்பிறை என்ற வினைத்தொகை எல்லாருக்கும் பழக்கம். தேய்பிறை என்றதும் நிலா மட்டம் என்று யாரும் நினைப்பதில்லை, இப்போது குறைந்துவருகிறது என்றே கொள்கிறோம். ஒரே நிலாதான் வளர்வதும் தேய்வதும். நமக்கு முக்கியமாக வேண்டியது இதுதான். எந்தப் பண்டமும் பிறவியிலேயே இந்த வகையைச் சேர்ந்ததில்லை. நடந்தே போய்க்கொண்டிருந்தவருக்கு முதன்முதலில் கொஞ்சம் வருமானம் வந்தால் பேருந்தில் ஏறுகிறார். இன்னும் கூடினால் அடிக்கடி ஏறுகிறார். அதுவரை அது வளர்நிலை. ஒரு கட்டத்துக்கு மேல் சொந்த வண்டி வருகிறது, தேய்நிலை தொடங்குகிறது. வருமானத்தைக் கிடையச்சிலும் வாங்கும் அளவைக் குத்தச்சிலும் வைத்து வரைந்தால், ஏறி வளைந்து இறங்கும் கோடு கிடைக்கும். 'தாழ்' என்று முத்திரை குத்திவிட்டால் இந்த வளைவைச் சொல்லவே இடமில்லாமல் போகிறது. 'தேய்' என்று வைத்தாலோ, 'இந்த வருமானத்துக்கு மேல் இது தேய்நிலை' என்று இயல்பாகச் சொல்ல முடிகிறது.

முதலில் தேய்பண்டம் என்றுதான் யோசித்தேன். உடனே தேய்மானம் குறுக்கே வந்தது. கணக்கு எழுதுபவருக்குத் தேய்பண்டம் என்றால் ஆண்டுதோறும் மதிப்பைக் கழிக்கவேண்டிய இயந்திரம்தான் நினைவுக்கு வரும். தேய்தேவைப் பண்டம் என்றால் குழப்பமில்லை, ஆனால் தமிழ்நாட்டில் 'தேவை' என்பதை இலங்கையில் 'கேள்வி' என்பார்கள். அங்கே தேய்கேள்வி, இங்கே தேய்தேவை என்று ஒரு கருத்துக்கு இரண்டு பெயர் எதற்கு? நிலை என்றால் இரு கரைக்கும் பொது. (பண்டம் என்றால் பேச்சில் தின்பண்டம் ஆகிவிடுகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். பொருள் என்றால் அர்த்தம், சரக்கு என்றால் வேறெதுவோ. பண்டத்தோடு சமாளிப்போம்.)

வரக்கூடிய மறுப்பு ஒன்று: வருமானம் இறங்கினால் இதே பண்டத்தின் தேவை ஏறுமே, அப்போதும் தேய்நிலையா? ஆம். வருமானம் கூடும் திசையில் வைத்தே பெயரிடுகிறோம் என்று வரையறையில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்குகளை வைத்து ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857இல் கண்டது, வருமானம் உயர உயர மொத்தச் செலவில் உணவின் பங்கு குறைகிறது என்பது. இதைப் பிடித்துக்கொண்டு உணவே தேய்நிலைப் பண்டம் என்று எழுதிவிடுகிறார்கள். பங்கு குறைவது வேறு, அளவு குறைவது வேறு. உணவுக்கான செலவு கூடிக்கொண்டேதான் போகிறது, வருமானத்தைவிட மெதுவாகக் கூடுகிறது. நெகிழ்ச்சி சுழிக்கும் ஒன்றுக்கும் நடுவில். எனவே அது வளர்நிலை. உணவுக்குள் ஏதேனும் ஒரு வகை தேய்நிலையில் இருக்கலாம், அது தனிக்கதை.

கிஃபன் பண்டத்தையும் இதோடு ஒன்றாக்க வேண்டாம். விலை ஏறினால் தேவையும் ஏறும் அந்த விநோதத்தை ராபர்ட் கிஃபன் பெயரோடு சேர்த்துச் சொன்னவர் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல், 1895இல். விலை ஏறும்போது இரண்டு விளைவுகள் நிகழ்கின்றன. மாற்றுப் பண்டத்துக்குத் தாவச் சொல்வது பதிலீட்டு விளைவு. கையிருப்பின் வாங்கும் சக்தி சுருங்கியதால் வருவது வருமான விளைவு. தேய்நிலைப் பண்டத்தில் இந்த இரண்டாவது, வாங்கும் அளவைக் கூட்டும் பக்கம் இழுக்கிறது. அந்த இழுப்பு முதலாவதை வென்றால்தான் கிஃபன். ஆகவே கிஃபன் பண்டம் எல்லாம் தேய்நிலைப் பண்டம், தேய்நிலைப் பண்டம் எல்லாம் கிஃபன் ஆகாது. இந்த வாக்கியத்தில் 'மட்டரக' என்று போட்டுப் படித்துப் பாருங்கள், தர்க்கம் எங்கே போகிறதென்றே தெரியாது.

நடைமுறையில் ஒரு வசதியும் உண்டு. தாழ்நிலை என்று அச்சாகியிருக்கும் இடத்தில் 'தாழ்' என்பதை மட்டும் 'தேய்' என்று திருத்தினால் போதும், வாக்கியம் குலையாது.

எனக்கே ஒரு தயக்கம் இருக்கிறது. சாதாரணப் பண்டம் என்ற பெயர் நன்றாக வேரூன்றிவிட்டது. அதைப் பெயர்த்து வளர்நிலைப் பண்டத்தை நடவேண்டுமா, அல்லது தாழ்நிலையை மட்டும் தேய்நிலையாக மாற்றிவிட்டு, சாதாரணப் பண்டத்தை அப்படியே விடலாமா? இணையாக இருந்தால்தான் தேய்நிலைக்கு அழகு என்று தோன்றுகிறது. ஆனால் கற்பிக்கிறவர்கள் சொல்லட்டும், அவர்கள்தான் இரண்டையும் நாள்தோறும் கரும்பலகையில் எழுத வேண்டியவர்கள்.